வீரா 1.5 ஏர்கோன்: ஓடினால் குளிர், நின்றால் சூடு. கம்ப்ரசர்தான் காரணமா?

லிந்தாங் ரோடு எழுதியது:

வணக்கம். வண்டி புரோட்டோன் வீரா 1.5, 1997, மேனுவல் கியர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓடுகிறது. தினமும் ஒரு மணி நேர ஓட்டம், அதில் பாதி செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை.

ஏர்கோன் பிரச்சினை மூன்று விதமாக வருகிறது.

வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்று.

ஈப்போ வரை நெடுஞ்சாலையில் போனால், அரை மணி நேரத்துக்குப் பிறகு காற்றின் வேகமே குறைகிறது. புளோவர் 4-இல் வைத்தாலும் 1 மாதிரிதான். சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆறு மாதத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக ஏற்றிப் பத்து நாள் ஆகிறது.

வயரிங் கடையில் கம்ப்ரசர் வீக், முழு செட்டும் மாற்று என்கிறார்கள். பழைய வண்டிக்கு அவ்வளவு செலவழிக்கும் முன், வீட்டிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட் இரவல் கிடைக்கும்.

---

ரெண்டு ஸ்பேனர் எழுதியது:

தம்பி, மூன்றும் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை. தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். கம்ப்ரசர் வீக் என்பதை கேஜ் மாட்டாமல் யாராலும் சொல்ல முடியாது. கையால் குழாயைத் தொட்டுச் சொன்னால் அது ஜோசியம்.

காலையில் எஞ்சின் ஆறிய நிலையில் கேஜை மாட்டுங்கள். நீலம் லோ பக்கம் (குறைந்த அழுத்தம்), சிவப்பு ஹை பக்கம் (அதிக அழுத்தம்). ஆர்134ஏ கேஸ் போடும் வண்டியில் கேஜ் மாட்டும் லோ மூக்கு 13 மி.மீ, ஹை மூக்கு 16 மி.மீ, அதனால் மாற்றி மாட்ட முடியாது. எஞ்சின் ஓடாமல் 30 பாகை வெப்பத்தில் இரண்டு முள்ளும் 95 பி.எஸ்.ஐ பக்கம் நிற்க வேண்டும். அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் உள்ளே திரவமே மிச்சமில்லை, கேஸ் காலி. 95 காட்டினால் கேஸ் சரியான அளவில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 100 கிராம் திரவம் இருந்தாலும் 95தான், 900 கிராம் இருந்தாலும் 95தான்.

பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஏர்கோன் ஆன், புளோவர் உச்சம், கதவெல்லாம் திறந்து, 1,500 ஆர்.பி.எம்மில் ஐந்து நிமிடம். நம் ஊர் வெயிலில் 32 முதல் 34 பாகை என்றால் லோ 30 முதல் 40, ஹை 200 முதல் 250 வந்தால் சரி. அதை ஒட்டிப் படிக்க வேண்டியது:

இரண்டும் குறைவு என்றால் கேஸ் போதவில்லை.

லோ அதிகம், ஹை குறைவு, எஞ்சினை ஏற்றினாலும் இரண்டும் நெருங்கியே நிற்கிறது என்றால் கம்ப்ரசர் உண்மையாகவே போய்விட்டது. அதற்கு முன் பெல்ட் வழுக்கவில்லை, கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்க்கும் கிளட்ச் வழுக்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

லோ கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழோ போனால், திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது ஈரத்தை உறிஞ்சும் டிரையர் அடைப்பு.

இரண்டும் அதிகம் என்றால், வண்டி முகப்பில் கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் சூடு இறங்கவில்லை, அல்லது கேஸ் கூடிப் போச்சு, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

இதே அளவை ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடலிலும் ஒரு முறை எடுங்கள். அதோடு ஒரு வாளித் தண்ணீரை கண்டென்சர் முகத்தில் மெதுவாக ஊற்றி, முள் எப்படி நகர்கிறது என்று எழுதி வையுங்கள். உங்கள் முதல் பிரச்சினைக்கு அந்த ஒரு வாளித் தண்ணீரிலேயே பதில் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது கேஜின் சிவப்புக் கைப்பிடியைத் திறக்கவே கூடாது. கேஸ் டின் மாட்டியிருந்தால் ஹை அழுத்தம் டின்னுக்குள் ஏறி வெடிக்கும்.

---

லிந்தாங் ரோடு எழுதியது:

நன்றி அண்ணே. இன்று காலை எடுத்தது:

எஞ்சின் ஓடாமல்: இரண்டும் 92.
1,500 ஆர்.பி.எம்: லோ 42, ஹை 270.
ஐடல்: லோ 50, ஹை 310, இன்னும் ஏறப் பார்த்தது. வென்ட் காற்று 19 பாகை.
ஐடலில் தண்ணீர் ஊற்றியபோது: லோ 39, ஹை 240, வென்ட் 12 பாகைக்கு இறங்கியது.

கண்டென்சர் விசிறி சுற்றுகிறது. கொஞ்சம் சோம்பலாகத் தெரிகிறது. விசிறி சாக்கெட்டில் 10.2 வோல்ட், பேட்டரியில் 13.8.

---

கூலிங் காயில் எழுதியது:

310 வரை தள்ளுகிற கம்ப்ரசரைப் பார்த்து வீக் என்கிறார்களே! அது நன்றாகவே வேலை செய்கிறது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான். ஹை பக்கம் 220 பி.எஸ்.ஐ என்றால் கண்டென்சருக்குள் கேஸ் சுமார் 58 பாகையில் திரவமாக மாறுகிறது. 310 என்றால் சுமார் 72 பாகை. வெளிக்காற்று போதாததால் கேஸ் தானே சூடாகி வழி தேடுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் விசிறி மட்டும்தான். அதனால்தான் சிக்னலில் சூடு.

விசிறிக்கு 3.6 வோல்ட் வழியில் தொலைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை விசிறி சாக்கெட் பிளஸ்ஸிலும் வையுங்கள், விசிறி ஓடும்போதே. வருகிற எண்தான் பிளஸ் பக்க இழப்பு. அதேபோல் விசிறி எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் ஒரு முறை. எந்தப் பக்கம் பெரிய எண் வருகிறதோ அங்கே வேலை. இந்த வயசு வண்டியில் பெரும்பாலும் எர்த் போல்ட் துரு, அடுத்தது ரிலே முனை கருகியது, அடுத்தது சாக்கெட் பச்சை பிடித்தது. போல்ட்டைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

வோல்ட் சரியான பிறகும் சோம்பல் என்றால் மோட்டார் கரித்துண்டு (பிரஷ்) தேய்ந்திருக்கும். மோட்டாரை மாற்றினால் ஒரு காகிதத் தாளை கண்டென்சர் முன்னால் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் பிளஸ் மைனஸ் மாறி, விசிறி எதிர்க்காற்றோடு சண்டை போடுகிறது. கடையில் மாற்றிய வண்டியில்கூட இது நடக்கும்.

விசிறியை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டியில் லாலாங் புல்லின் பூ, செம்பனை நார், செம்மண் எல்லாம் சேர்ந்து அங்கே மெத்தை மாதிரி படிந்திருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். ரேடியேட்டரின் மேல் பிராக்கெட்டைக் கழற்றி எஞ்சின் பக்கம் சாய்த்து, பின்னால் இருந்து முன்னால் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் ஜெட் வேண்டாம், மெல்லிய தகடான ஃபின் படுத்துவிடும். தோட்டக் குழாய்த் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றியும் ஹை 240-இல் நிற்கிறதே? அவ்வளவு தண்ணீருக்கு 200-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். தராசு இல்லாமல் மூன்று முறை ஏற்றியதில் கேஸ் கூடியிருக்கிறது, இல்லை குழாயில் இருந்த காற்றும் சேர்ந்து போயிருக்கிறது. எவ்வளவு போக வேண்டும் என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். ஸ்டிக்கர் போயிருந்தால் சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள், குத்துமதிப்பு வேண்டாம்.

---

கம்பார் பையன் எழுதியது:

கேஸ் லீக்குக்கு டின்னில் வரும் சீலர் அடித்தால் முடிந்தது. எதற்கு இவ்வளவு கழற்றல்?

---

ரெண்டு ஸ்பேனர் எழுதியது:

கம்பார் தம்பி, அந்தச் சீலர் ஈரத்தைக் கண்டால் இறுகுகிற சாமான். லீக் ஓட்டையில் வெளியில் உள்ள ஈரத்தைத் தொட்டு அடைக்கும் என்பது கணக்கு. ஆனால் ஆறு மாதமாக லீக்கான சிஸ்டத்துக்குள்ளேயும் ஈரம் இருக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வு துவாரத்தில் இறுகினால் அப்புறம் வால்வு, டிரையர், கண்டென்சர் எல்லாம் குப்பை. சீலர் போட்ட வண்டி என்று தெரிந்தால் கேஸ் மீட்கும் மெஷினை மாட்டவே பல கடைகள் பயப்படும். வேண்டாம்.

லிந்தாங் ரோடு, இப்போது லீக்குக்கு வருவோம். ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது. கேஸோடு ஆயிலும் போகும், அதுதான் தடயம்.

எண்ணெய்ப் பசையில் மண் ஒட்டி கருத்த இடங்களைத் தேடுங்கள்: ஒவ்வொரு குழாய் இணைப்பு, கண்டென்சரின் கீழ் மூலைகள், ரப்பர் ஹோஸும் அலுமினியமும் சேரும் கிரிம்ப். கம்ப்ரசர் கிளட்ச்சுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். அங்கே பசை இருந்து, பானட் அடியில் அதே நேர்க்கோட்டில் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. கேஜ் மாட்டும் மூக்கில் சோப்பு நுரையை வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வால்வு ஊசி சைக்கிள் டியூப் வால்வு மாதிரிதான், கசியும். மூடி இல்லாத வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம்.

வெளியில் எங்கும் பசை இல்லை என்றால், டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில்தான் லீக். தண்ணீர் வடியும் குழாய் முனையில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் காயில்தான். யூவி சாயம் போட்டிருந்தால் அங்கே மஞ்சள் பச்சையாக மின்னும்.

உங்கள் இரண்டாவது பிரச்சினையும் அங்கேயே போய்ச் சேர்கிறது. காற்று குறைவது புளோவரால் அல்ல, காயிலில் ஐஸ் கட்டுகிறது. அடுத்த முறை காற்று குறைந்தவுடன் ஏ.சி. பட்டனை மட்டும் அணைத்து, புளோவரை ஓட விடுங்கள். பத்து நிமிடத்தில் காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் ஐஸ்தான்.

---

லிந்தாங் ரோடு எழுதியது:

செய்து பார்த்தேன். ஐஸ்தான். வடிகுழாயில் வழவழப்பும் இருக்கிறது, லேசாக மஞ்சள் நிறம். விசிறி எர்த் போல்ட் முழுக்கத் துரு. சுத்தம் செய்தபின் சாக்கெட்டில் 13.3 வோல்ட். கண்டென்சர் இடுக்கில் இருந்து அரை வாளிக் குப்பை வந்தது. ஐடலில் ஹை இப்போது 255.

கூலிங் காயில் மாற்ற வேண்டும் என்றால் என்னென்ன வாங்க வேண்டும், என்ன வரிசை?

---

கூலிங் காயில் எழுதியது:

இந்த வயசு வண்டியில் கேபின் ஃபில்டர் கிடையாது. செம்மண் தூசி நேராக ஈரக் காயிலில் போய் அப்பிக்கொள்கிறது. அந்த ஈரச் சேறு காய்வதே இல்லை. அலுமினியத்தை மெல்ல மெல்ல அரித்து ஊசித் துளை போடும். முகம் அடைபட்டதால் காற்றும் போகாது, ஐஸும் கட்டும். ஒரே அழுக்குதான் இரண்டுக்கும் காரணம்.

வாங்க வேண்டியது: காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, ரிசீவர் டிரையர், ஓ-ரிங் ஒரு செட், காயில் தெர்மோஸ்டாட் சென்சர், கம்ப்ரசருக்கான பி.ஏ.ஜி 46 ஆயில் சின்ன பாட்டில். பழைய பாகங்களைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். வீராவில் கம்ப்ரசரும் காயில் பெட்டியும் ஒரே மாதிரி வரவில்லை, குழாய் முனை மாறும். காயில் புதிதாகவே வாங்குங்கள். பழைய வண்டிப் பாகம் விற்கும் ஹாஃப் கட் கடைக் காயில் எத்தனை மாதம் வாய் திறந்து கிடந்ததோ தெரியாது. அங்கே வாங்குவதென்றால் விசிறி மோட்டாரும் ரிலேயும் வாங்கலாம், தப்பில்லை.

முதலில் கடையில் மெஷின் வைத்துக் கேஸை மீட்டெடுக்கச் சொல்லுங்கள். காற்றில் விடக் கூடாது. ஆர்134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்.

எஞ்சின் பக்கச் சுவரில் இரண்டு குழாய்களையும் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் போடுங்கள், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் முறுக்கினால் அலுமினியக் குழாய் வெற்றிலைக் காம்பு மாதிரி திருகிப் போகும். கழற்றிய நொடியே வாயை பிளாஸ்டிக்கும் டேப்பும் வைத்து மூடுங்கள்.

உள்ளே கிளவ் பாக்ஸைக் கழற்றினால் காயில் பெட்டி தெரியும். சென்சர் எந்த ஃபின்னில், எத்தனை விரல் ஆழத்தில் செருகியிருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்த பிறகு பிரியுங்கள். புதிய காயிலில் அதே இடத்தில் செருக வேண்டும். ஓரத்தில் செருகினால் சென்சருக்குக் குளிர் தாமதமாகத் தெரியும், மறுபடி ஐஸ். லோ பக்கம் 27, 28 பி.எஸ்.ஐ-க்குக் கீழே இறங்கினால் காயில் 0 பாகைக்குக் கீழே போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே கிளட்ச் விடுபட வேண்டும்.

வால்வில் வெப்பத்தை உணரும் குமிழ் வால் இருந்தால் அதைக் காயிலிலிருந்து வெளியேறும் குழாயோடு உலோகம் படும்படி கிளிப் போட்டு, மேலே கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். சுற்றாமல் விட்டால் வால்வு சூட்டை உணர்ந்து அளவுக்கு மீறித் திறக்கும்.

பழைய வால்வின் நுழைவாயில் வலையைக் கட்டாயம் பாருங்கள். சுத்தமாக இருந்தால் நிம்மதி. வெள்ளி நிறத் தூள் கலந்த கருப்புப் பசை இருந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்கிறது, அப்போதுதான் கடைக்காரர் சொன்ன முழு செட் நியாயம். மெல்லிய குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கண்டென்சரைக் கழுவி அந்தத் தூளை எடுக்க முடியாது, அதையும் மாற்றத்தான் வேண்டும்.

ஆயில்: காயிலுக்கு 30 முதல் 40 மில்லி, டிரையருக்கு 10 முதல் 20 மில்லி. அதிகமாக ஊற்றினால் குளிர் குறையும், குறைவாக ஊற்றினால் கம்ப்ரசர் பிடித்துவிடும். பி.ஏ.ஜி ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் காற்றில் சொல்லவே வேண்டாம். திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலைத் தொடாதீர்கள். டிரையர் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும்.

---

ரெண்டு ஸ்பேனர் எழுதியது:

மேலே சொன்னதோடு சேர்க்க ஒன்று உண்டு. மாட்டி முடித்ததும் பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வேக்குவம் போட்டு, முள் நிற்கிறது, லீக் இல்லை என்பார்கள். நம்ப வேண்டாம். வேக்குவத்தில் இருப்பது ஒரு வளிமண்டல வித்தியாசம், அதுவும் உள்நோக்கி. ஓடும்போது ஹை பக்கம் பதினைந்து மடங்கு, வெளிநோக்கி. முதலில் நைட்ரஜன் 150 பி.எஸ்.ஐ ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை, அரை மணி நேரம் முள் அசையக் கூடாது. காற்றுக் கம்ப்ரசரை வைத்து ஏற்றாதீர்கள். அதில் ஈரம் வரும், மிச்ச ஆர்134ஏவோடு காற்று அழுத்தத்தில் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

பிறகு வேக்குவம். 30 பாகையில் தண்ணீர் கொதித்து ஆவியாக, கேஜில் குறைந்தது 29 அங்குலம் (பாதரச அளவில்) வேக்குவம் வர வேண்டும். 27-இல் நின்று ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஈரம் உள்ளேயே கிடக்கும். 29-க்கு மேல் வந்த பிறகு 45 நிமிடம், மூடி வைத்து 20 நிமிடம் கவனியுங்கள். 29 வரவே இல்லை என்றால் பம்ப் ஆயிலைப் பாருங்கள், பால் நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள்.

கேஸ் தராசில். எஞ்சின் ஓடும்போது லோ பக்கம் ஆவியாக மட்டும், டின் நிமிர்ந்து நிற்க வேண்டும். கவிழ்த்தால் திரவம் போய்க் கம்ப்ரசர் வால்வு உடையும். அடிமாட்டு விலைக்கு வரும் டின் வேண்டாம். மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் அலுமினியத்தோடு வினை புரியும், வெடித்த சம்பவமும் உலகத்தில் உண்டு.

---

பழைய சாகா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1988 சாகாவுக்கும் இதே முறையா? அதில் மூக்கு திருகு மாடல்.

---

கூலிங் காயில் எழுதியது:

திருகு மூக்கு என்றால் ஆர்12 என்ற பழைய கேஸ் காலத்து வண்டி. ஓசோனைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கை 1987-இல் வந்து, நம்மைப் போன்ற நாடுகளில் 2010-க்குள் அந்தக் கேஸ் நின்று போனது. ஆர்134ஏவுக்கு மாற்றலாம், கேஸை மட்டும் மாற்றினால் ஆறு மாதம் தாங்காது. பழைய மினரல் ஆயில் ஆர்134ஏவோடு கலக்காது, அடியில் தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து பிடிக்கும். ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்றுங்கள். ஓ-ரிங் எல்லாம் புதிது. டிரையரில் எக்ஸ்.எச்-7 வகை உலர்த்தி வேண்டும், பழைய எக்ஸ்.எச்-5 ஆகாது. ஆர்12 எடையில் 80 முதல் 85 விழுக்காடு மட்டும் ஏற்றுங்கள். பாம்பு மாதிரி வளைந்து போகும் பழைய கண்டென்சரை வைத்தால் சிக்னலில் குளிர் போதாது. இடம் பார்த்துப் புதிய மாடலும் ஒரு கூடுதல் விசிறியும் போடுங்கள்.

---

லிந்தாங் ரோடு எழுதியது:

மாட்டியாகிவிட்டது. வால்வு வலை சுத்தமாக இருந்தது, கம்ப்ரசர் பழையதுதான். ஐடலில் லோ 34, ஹை 215, வென்ட் 9 பாகை. ஒரே ஒரு சந்தேகம்: நேற்று முன் பயணி பக்கக் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. புதிய காயில் கசிகிறதா?

---

ரெண்டு ஸ்பேனர் எழுதியது:

கேஸ் கசிந்தால் கார்ப்பெட் நனையாது தம்பி. முதலில் தொட்டு மோந்து பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் வடிகுழாய் அடைப்பு, இல்லை பெட்டியை மூடும்போது குழாய் மடங்கியிருக்கும். நிழலில் நிறுத்தும் வண்டிகளில் குளவி அந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டும். வண்டிக்கு அடியில் இருந்து சைக்கிள் பிரேக் கேபிளை ஒரு சாண் மட்டும் விட்டுத் திருப்புங்கள், அதற்கு மேல் தள்ளினால் புதுக் காயிலில் குத்தும். காற்று அடிக்காதீர்கள், பெட்டிக்குள் இருந்து குழாய் கழன்று வரும். தண்ணீர் இறங்கியதும் முனையில் கொசுவலைத் துண்டு கட்ட வேண்டாம், பாசி பிடித்து அதுவே அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை கேபிள் விட்டால் போதும்.